இராமானுஜனின் கடைசி ஓராண்டு

கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி எழுதப் புகுவோர் 1729 என்னும் எண்ணில் தொடங்குவது வழக்கம். இரண்டாம் ஆண்டுக் கணித மாணவனாகிய நானும் அப்படித் தொடங்கியிருப்பேன். ஆனால் சென்ற ஆண்டு அத்திப்பட்டில் எங்கள் தாத்தா வீட்டிலேயே காலமான பிறகு, அம்மேதையின் கடைசி ஓராண்டைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவர் 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கு தவிர்த்த பாடங்களில் தோற்று, இங்கே பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டார். 1909இல் ஜானகியை மணந்தபோது மணமகளுக்கு வயது பத்து. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். 1914இல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதற்குள் உடல் நலிந்து மருத்துவ விடுதிகளில் கிடக்கும் நிலை வந்துவிட்டது.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்திறங்கியவரை அழைத்துவரத் தாயும் தம்பியும் போயிருந்தனர், ஜானகி அங்கில்லை. மாமியார் மருமகள் பூசல் என்பது மேதைகள் வீட்டிலும் உண்டு போலும்! ஆயினும் பிறகு ஓராண்டுக் காலம் இரவும் பகலும் பக்கத்தில் இருந்தவர் ஜானகிதான். அப்போது அவருக்கு வயது இருபது. என் வயது.

கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்தார்கள். 1920 தொடக்கத்தில் சென்னை சேத்துப்பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காசநோய் என்று கருதி மருத்துவம் நடந்தது. கல்லீரலில் அமீபா உண்டாக்கிய நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் உண்டு. உடல் எலும்பும் தோலுமாயிற்று. காய்ச்சலும் வயிற்று வலியும் விடவில்லை. மற்றவர்களிடம் சினம் மிகுந்தது. ஜானகியிடம் மட்டும் கனிவாகவே இருந்தார். அவரை உடன் அழைத்துப் போயிருந்தால் இந்த நோயே வந்திராது என்று வருந்துவாராம். வேளை தவறாமல் சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தார் ஜானகி. வலி வந்தால் வெந்நீரில் துண்டை நனைத்து மார்புக்கும் காலுக்கும் ஒற்றடம் கொடுத்தார்.

எங்கள் வீட்டிலும் ஆயா இதைத்தான் செய்தார். கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால் மருந்துச் சீட்டைப் படிக்க என்னைக் கூப்பிட்டார்கள். படிக்கத் தெரிந்தது, என்ன நடக்கப் போகிறதென்று சொல்லத் தெரியவில்லை. தாத்தா சாப்பாட்டை மறுத்தபோது கஞ்சியை வற்புறுத்திப் புகட்டினோம், புரையேறிற்று. உடல் ஓய்கிறபோது பசி தானாகவே விலகும், உதட்டை நனைத்தாலே போதும் என்பதைச் செவிலியர் ஒருவர் வந்து சொன்ன பிறகே அறிந்தோம். உறக்கம் கூடும், கை கால் சில்லிடும், மூச்சு நின்று நின்று வரும், ஆனால் காது கேட்கலாம், பேசிக்கொண்டிருங்கள் என்றும் அவரே சொன்னார். முதல் வாரமே தெரிந்திருந்தால் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தோடு போராடியிருக்க மாட்டோம்.

இராமானுஜனுக்கு அறிவு மட்டும் ஓயவில்லை. 1920 ஜனவரியில் போலித் தீட்டாச் சார்புகளைப் பற்றி ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இறப்பதற்கு நான்கு நாள் முன்புவரை படுக்கையில் கணக்குப் போட்டார். தாள்களை எடுத்துக் கொடுத்து, சிதறாமல் சேர்த்து வைத்ததும் ஜானகியே. ஏப்ரல் 26 காலை உயிர் பிரிந்தது, வயது 32. கடல் கடந்தவர் என்பதால் உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. அத்தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் 1976இல் ஆண்ட்ரூஸ் என்பவர் கண்ணில் பட்டன, இன்றும் ஆராய்கிறார்கள்.

ஜானகி அம்மாள் தையல் தொழில் செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, 1994இல் மறைந்தார். ஒற்றடத்துக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை முதுமையிலும் பத்திரமாக வைத்திருந்தார்.