இடக்கையின் நாதம்

திருப்பதியிலோ திருக்காளத்தியிலோ விழாக்காலத்தில் நடைபெறும் இசைக் கச்சேரியை உற்றுநோக்கினால், மேடையில் ஓர் ஒழுங்கு புலப்படும். பாடகர் நடுவில் அமர்வார். அவருடைய இடப்பக்கத்தில் வயலினும் வலப்பக்கத்தில் மிருதங்கமும் இடம்பெறும். மிருதங்கத்தின் ஒரு முகத்தில் சோறும் கிட்டக்கல் பொடியும் சேர்த்துக் குழைத்த கரிய சாந்தைப் பூசியிருப்பர். சொற்கட்டுகள் தெளிவாக ஒலிப்பது அம்முகத்தில்தான். அது அவையை நோக்கி இருப்பதற்காகவே இந்த அமைப்பு. வலக்கையால் வாசிப்பதனால் அம்முகத்திற்கு வலந்தலை என்று பெயர்.

அந்த வலந்தலையை இடக்கையால் வாசித்தவர் பழநி சுப்பிரமணிய பிள்ளை.

இவருடைய தந்தை பழநி முத்தையா பிள்ளை, புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் வழியில் வந்த மிருதங்க வித்துவான். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் அந்த மாமுண்டியா பிள்ளை. அத்தகைய குடும்பத்தில் பிறந்தும், பிள்ளை இடக்கையர் என்பதால் தந்தை தொடக்கத்தில் பெரிதும் நம்பிக்கை கொள்ளவில்லை என்பர். ஆயினும் மகன் பயிற்சியைக் கைவிடவில்லை.

தேர்ச்சி பெற்ற பின்னரும் தடை நீங்கவில்லை. இடக்கையர் வாசிக்கும்போது வலந்தலை அவையை நோக்க வேண்டுமானால், அவர் பாடகரின் இடப்பக்கத்தில் அமர்தல் வேண்டும். வயலின் வாசிப்பவர் எதிர்ப்பக்கம் செல்லுதல் வேண்டும். பழகிய இடத்தை விட்டுக்கொடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை. கையில் குறையில்லை, இருக்கையில்தான் குறை! இருப்பினும் வாய்ப்புகள் நழுவின.

இந்நிலையை மாற்றியவருள் தலையாயவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த அப்பெரும் பாடகர், சுப்பிரமணிய பிள்ளையைத் தம் கச்சேரிகளுக்கு விரும்பி அழைத்தார். மேடை ஒழுங்கை அவருக்கேற்ப மாற்றியமைக்கவும் தயங்கவில்லை. பின்னர் ஜி. என். பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள் முதலியோரும் இவரை நாடினர்.

இவருடைய வாசிப்பில் வேகத்தைவிட நாதமே முதன்மை பெற்றது. மிருதங்கத்தின் மறுமுகமாகிய தொப்பியில் இவர் எழுப்பிய ஆழ்ந்த கும்காரத்தை இன்றும் இசைவாணர் போற்றுகின்றனர். தாளக் கணக்குகள் எத்துணைக் கடினமானவையாயினும், கேட்போர்க்கு அவை எளியனவாகவே தோன்றின. உடும்புத்தோல் போர்த்த சிறிய கஞ்சிராவிலும் இவர் வல்லவர். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, இவர் கஞ்சிரா வாசித்த கச்சேரிகள் பெரும்புகழ் பெற்றவை. ஒத்த புகழுடைய இருவருள் ஒருவர் சிறிய கருவியை ஏந்தி அருகில் அமர்வது எளிதான செயலன்று.

1962ஆம் ஆண்டு சுப்பிரமணிய பிள்ளை மறைந்தார். மிருதங்க வித்துவான் ஒருவர்க்கு முதன்முதலாகச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது 1966இல். அதனைப் பெற்றவர் மணி ஐயர்.

இவருடைய மாணவருள் குறிப்பிடத்தக்கவர் திருச்சி சங்கரன், அவர் வலக்கையர். இடக்கை ஆசிரியரின் எதிரே வலக்கை மாணவர் அமர்ந்தால், கண்ணாடியில் காண்பது போல இருவர் கைகளும் நேருக்கு நேர் அமையும். அவ்வாறு கற்ற பாடத்தைச் சங்கரன் 1971 முதல் கனடா நாட்டின் டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு மாணவர்களுக்குக் கற்பித்தார்.