ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான்

ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் (1898 - 1984) அமெரிக்காவில் பிறந்து, திண்டுக்கல் வட்டாரத்தில் கிராமப் பணியாற்றிய காந்தியவாதி ஆவார்.

வருகையும் வெளியேற்றமும்

மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த இவர், 1925-இல் அமெரிக்க மதுரை மிசனின் மதப்பணியாளராகத் தமிழகம் வந்தார். அக்காலத்தில் வெளிநாட்டு மதப்பணியாளர்கள் அரசுக்கு எதிராகச் செயற்படுவதில்லை என ஆங்கிலேய அரசுக்கு உறுதியளிக்க வேண்டியிருந்தது. காந்தியின் கடிதத்தை வைசிராயிடம் கொண்டு சென்ற ஆங்கிலேய இளைஞர் ரெசினால்ட் ரெனால்ட்சைக் கெய்த்தான் தம் இல்லத்தில் விருந்தினராக ஏற்றார். இதனால் 1930-இல் இந்தியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி, பெங்களூர் நகரச் சேரி மக்களிடையே பணியாற்றினார். 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார்.

காந்திகிராமப் பணி

நாடு விடுதலை பெற்ற 1947-இல் கெய்த்தான் மூன்றாம் முறையாக இந்தியா வந்தார். அவ்வாண்டு டி. எஸ். சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் சின்னாளப்பட்டிக்கு அருகில் தொடங்கிய காந்திகிராமத்தின் பணிகளில் பங்கு கொண்டார். அங்கு உருவான கிராமியக் கல்வி நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

தாக்கம்

பெங்களூரில் இவரிடம் சமூகப் பணி பயின்றவர்களுள் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் குறிப்பிடத்தக்கவர். அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் பிற்காலத்தில் நிலமற்ற உழவர்களுக்கு நிலம் பெற்றுத் தந்தனர். 2008-இல் வாழ்வுரிமை விருது பெற்றனர்.