கொடுமைகளைப் பட்டியலிட்ட கவர்னர்

அமெரிக்காவில் மாநில கவர்னர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். தெற்கே உள்ள ஜார்ஜியா மாநிலத்தில் 1917 முதல் 1921 வரை அப்பதவியில் இருந்தவர் ஹியூ டார்சி.

1871-ல் பிறந்த டார்சி, அட்லாண்டாவில் அரசு வழக்கறிஞராக இருந்தார். 1913-ல் லியோ ஃபிராங்க் என்ற யூதருக்குக் கொலை வழக்கில் மரண தண்டனை வாங்கித் தந்தார். அத்தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டதும், 1915-ல் ஒரு கும்பல் ஃபிராங்கைச் சிறையிலிருந்து கடத்திச் சென்று தூக்கிலிட்டது. அந்த வழக்கில் கிடைத்த புகழே டார்சியைக் கவர்னராக்கியது.

அவரது ஆட்சியில், 1918-ல், கணவர் கொல்லப்பட்டதற்கு நியாயம் கேட்ட கறுப்பினக் கர்ப்பிணி மேரி டர்னரை வெள்ளையர் கும்பல் கொன்றது. யாரும் தண்டிக்கப்படவில்லை.

1921-ல் ஜாஸ்பர் மாவட்டப் பண்ணையார் ஜான் வில்லியம்ஸ், கொத்தடிமைகளாக வைத்திருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் 11 பேரை, விசாரணைக்குப் பயந்து கொலை செய்தது அம்பலமானது. அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்த ஏப்ரலில் டார்சி ஒரு சிறு நூல் வெளியிட்டார். கும்பல் கொலை, கொத்தடிமை, ஊரைவிட்டு விரட்டுதல், தனிநபர் கொடுமை என நான்கு தலைப்புகளில், கறுப்பினத்தவருக்கு இழைக்கப்பட்ட 135 கொடுமைகள் அதில் இருந்தன. கும்பல் கொலை நடக்கும் மாவட்டத்துக்கே அபராதம் விதிக்க வேண்டும் என்றும் கேட்டார். மாநிலத்தை அவமானப்படுத்திவிட்டதாக வெள்ளையர் பலர் கொதித்தனர். இரண்டே மாதத்தில் பதவிக்காலம் முடிந்தது. பின்னாளில் நீதிபதியாக இருந்து, 1948-ல் மறைந்தார்.

டார்சி தாமதமாகவே பேசினார். ஆனாலும் வதந்தி என்று ஒதுக்கப்பட்ட கொடுமைகள், கவர்னர் கையாலேயே ஆவணமாயின. அதை அழிக்க எந்தக் கும்பலாலும் முடியவில்லை.