கணிப்பொறிக்குக் கைகாட்டி நட்டவர்

ஒரு வகுப்பில் இரண்டு சிறுவர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள் எனக் கொள்வோம். இருவரும் கோடு வரைய வேண்டும். அதற்கு அளவுகோலும் எழுதுகோலும் வேண்டும். மேசைமீது இருப்பவையோ ஓர் அளவுகோலும் ஓர் எழுதுகோலுமே. ஒருவன் அளவுகோலை எடுத்துக்கொண்டு எழுதுகோலுக்காகக் காத்திருக்கிறான். மற்றவன் எழுதுகோலை எடுத்துக்கொண்டு அளவுகோலுக்காகக் காத்திருக்கிறான். இருவரும் நல்ல பிள்ளைகள். பிறர் கையிலிருப்பதைப் பறிக்க மாட்டார்கள். தம் வேலை முடியாமல் கையிலிருப்பதைக் கீழே வைக்கவும் மாட்டார்கள். மணி அடிக்கும் வரையில் ஒரு கோடும் விழாது. இதில் குற்றம் செய்தவன் யார்? ஒருவனும் இல்லை. ஆயினும் வேலை நின்றுவிட்டது.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய நிலை நேர்வதுண்டு. பொறி பழுதாகவில்லை; மின்சாரம் தடைப்படவில்லை; ஆனாலும் அதனுள் நிகழும் பணிகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து அசையாமல் நின்றுவிடும். இந்நிலை ஏன் உண்டாகிறது, இதனை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு வாராமற் காப்பது என்று ஆராய்ந்து வழிகாட்டிய அறிஞருள் தலையாயவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆவார்.

இளமையும் கல்வியும்

டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் துறைமுக நகரமாகிய ராட்டர்டாமில் பிறந்தார். தந்தையார் வேதியியல் வல்லுநர். தாயார் கணிதம் கற்றவர். கடினமான கணக்குக்கும் சுருக்கமான, நேர்த்தியான விடை காண வேண்டும் என்னும் வேட்கை, தாயாரிடமிருந்து மகனுக்கு வந்தது.

இளமையில் அவர் சட்டம் பயின்று, ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டின் சார்பில் பணியாற்ற விரும்பினார். ஆயினும் பள்ளியில் அவர் பெற்ற சிறந்த மதிப்பெண்கள் அவரை அறிவியலின் பக்கம் திருப்பின. லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்பியல் கற்றார். 1951ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில், கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது பற்றி மூன்று வார வகுப்பு நடைபெற இருப்பதைத் தந்தையார் ஒரு விளம்பரத்தில் கண்டு மகனிடம் தெரிவித்தார். அவ்வகுப்புக்குச் சென்றதே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று.

1952ஆம் ஆண்டு முதல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள கணித மையத்தில் பணிபுரிந்தார். இயற்பியலா, நிரல் எழுதுதலா என்னும் ஐயம் அவரை வாட்டியது. நிரல் எழுதுதல் அக்காலத்தில் ஒரு கல்வித் துறையாகவே மதிக்கப்படவில்லை. மையத்தில் அவருக்குத் தலைவராக இருந்த வான் வைங்கார்டன், அத்துறையை மதிப்புடையதாக ஆக்குபவருள் நீயும் ஒருவனாக ஏன் இருக்கலாகாது என்னும் கருத்துப்பட அறிவுரை கூறினார். டைக்ஸ்ட்ரா துணிந்து அவ்வழியை ஏற்றார். 1957ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. பதிவேட்டில் தம் தொழில் நிரல் எழுதுதல் என்று குறிப்பிட விரும்பினார். அப்படியொரு தொழிலே இல்லை என்று அலுவலர் மறுத்தமையால், இயற்பியலறிஞர் என்றே எழுத நேர்ந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, ஒரு நாள் தாம் மணக்கவிருந்த பெண்ணுடன் கடைத்தெருவுக்குச் சென்ற அவர், களைப்பாறக் காப்பிக் கடையொன்றில் அமர்ந்தார். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல மிகக் குறுகிய வழி எது என்னும் கணக்குக்கு, தாளும் எழுதுகோலும் இன்றி, ஏறக்குறைய இருபது நிமிடங்களில் விடை கண்டார். இன்று கைப்பேசி நமக்கு வழி காட்டும்போது, அதற்கு அடிப்படையாக நிற்கும் முறைகளுள் அதுவும் ஒன்று.

அச்சம் தந்த புதுமை

அக்காலக் கணிப்பொறி ஒரு நேரத்தில் ஒரு பணியையே செய்தது. ஒரு வரியை அச்சிடுமாறு அச்சுப்பொறிக்கு ஆணையிட்டால், அது முடிந்ததா முடிந்ததா என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டு வீணே நிற்கும். 1950களின் பிற்பகுதியில் உருவான எக்ஸ்1 என்னும் நெதர்லாந்துக் கணிப்பொறியில் இக்குறையை நீக்க ஒரு புதிய வழி அமைக்கப்பட்டது. அச்சுப்பொறி தன் வேலையை முடித்ததும் தானே குறுக்கிட்டு அழைக்கும். அதுவரையில் கணிப்பொறி வேறு பணியைப் பார்க்கலாம்.

பிறர் மகிழ்ந்த இப்புதுமை டைக்ஸ்ட்ராவுக்கு அச்சத்தைத் தந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதுவரையில், ஒரு நிரலில் பிழை இருந்தால் அதனை மறுபடியும் இயக்கிப் பார்க்கலாம், அதே இடத்தில் அதே பிழை தோன்றும், கண்டுபிடித்துத் திருத்தலாம். ஆனால், எந்தக் கணத்தில் அழைப்பு வரும் என்று கூறவியலாத பொறியில், இன்று தோன்றிய பிழை நாளை தோன்றாது. ஆயிரம் முறை செவ்வனே இயங்கிய நிரல், ஆயிரத்தோராம் முறை நின்றுபோகும். மீண்டும் இயக்கினால் ஒன்றும் அறியாதது போல ஓடும். இத்தகைய பிழையை எங்கே சென்று பிடிப்பது?

சில மாதங்கள் தயங்கிய பின்னரே அவர் அதனை ஏற்றார். சோதித்துப் பார்த்து நம்ப முடியாத இடத்தில், சிந்தித்து உறுதி செய்தே நம்ப வேண்டும் என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. எக்ஸ்1 பொறி குறித்த ஆராய்ச்சிக்காகவே 1959ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கைகாட்டி மரம்

1962ஆம் ஆண்டில் ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டைக்ஸ்ட்ரா கணிதப் பேராசிரியரானார். அங்கே சிறு குழு ஒன்றைத் துணைக்கொண்டு, பல பணிகளை ஒருங்கே நடத்தும் இயக்க முறைமை ஒன்றை உருவாக்கினார். பல பணிகள் ஒரே நினைவகத்தையும் ஒரே அச்சுப்பொறியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றும் அதே இடத்தில் எழுதினால் இரண்டும் கெடும். இதனைத் தடுப்பது எங்ஙனம்?

புகைவண்டிப் பாதை அவருக்கு உவமையாயிற்று. ஒற்றைத் தண்டவாளப் பகுதிக்குள் ஒரு வண்டி நுழைந்ததும் கைகாட்டி தடையைக் காட்டும். அடுத்த வண்டி வெளியே நிற்கும். முன்னது வெளியேறியதும் கைகாட்டி வழிவிடும். இத்தகைய கைகாட்டியைக் கணிப்பொறிக்குள் ஓர் எண்ணாக அவர் அமைத்தார். பொதுப்பொருளை நாடும் பணி, முதலில் அவ்வெண்ணைக் குறைக்க வேண்டும். குறைக்க இயலாவிடில், முறை வரும்வரையில் உறங்க வேண்டும். வேலையை முடித்து வெளியேறும் பணி அவ்வெண்ணை உயர்த்தி, உறங்கும் ஒன்றை எழுப்ப வேண்டும். 'செமபோர்' என்று உலகம் வழங்கும் இக்கருவி, தோற்றத்தில் எளியது, பயனில் பெரியது.

ஆயினும் கைகாட்டி மட்டும் போதாது என்பதை அவரே உணர்ந்தார். ஒரு பணி ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றுக்குக் காத்திருக்க, இன்னொரு பணி அம்மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு முன்னதற்குக் காத்திருந்தால் இரண்டும் என்றும் விழிக்கமாட்டா. அளவுகோல் ஏந்திய சிறுவனும் எழுதுகோல் ஏந்திய சிறுவனும் போன்ற நிலை இது. உயிர்போக்கும் தழுவல் என்னும் பொருள்படும் பெயரை அவர் இதற்கு இட்டார். 1965ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு ஒரு தேர்வுக் கணக்காகவும் இதனைக் கொடுத்தார். வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, இரண்டு முட்கரண்டிகள் கிடைத்தாலன்றி உண்ண இயலாமல் தவிக்கும் ஐந்து மெய்யறிஞர்களின் கதையாகப் பின்னர் அது மாறி, இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

இதற்குத் தீர்வும் உண்டு. பொருள்கள் எல்லாவற்றுக்கும் வரிசை எண் இட்டு, சிறிய எண்ணுடையதை முதலிலும் பெரிய எண்ணுடையதைப் பின்னரும் எடுக்க வேண்டும் என்று விதித்தால் வட்டம் முறிந்துவிடும். அளவுகோலை எடுத்தவனே எழுதுகோலை எடுக்கலாம் என்று ஆசிரியர் கட்டளையிட்டிருந்தால், ஒருவன் கோடு வரைந்து முடித்து மற்றவனுக்குத் தந்திருப்பான் அன்றோ! பொருளாளன் ஒருவன் கடன் கொடுக்குமுன், மீதியுள்ள பணத்தைக்கொண்டு எல்லாரும் தம் தொழிலை முடித்துத் திருப்பித் தர இயலுமா என்று கணக்கிடுவது போல, கணிப்பொறியும் முன்னறிந்து வழங்கும் முறையொன்றையும் டைக்ஸ்ட்ரா வகுத்தார்.

இன்றைய வழங்கிகளில்

டைக்ஸ்ட்ரா நட்ட கைகாட்டி இன்று எங்கே இருக்கிறது? நாம் வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் பார்க்கும்போதும், தேர்வு முடிவை இணையத்தில் தேடும்போதும், தொலைவிலுள்ள வழங்கி என்னும் கணிப்பொறி நமக்கு விடை தருகிறது. பிறர் காணாதவாறு காக்கும் பாதுகாப்பு வழங்கியாயின், முதலில் நம் கருவியும் அதுவும் மறைமொழிக்குரிய திறவுகோலை உடன்படிக்கை செய்துகொள்ளும். ஒரே நேரத்தில் பல்லாயிரவர் வருவதால் வழங்கிக்குள் பல பணிகள் ஒருங்கே இயங்கும். முன் செய்த உடன்படிக்கைகளை அவை ஒரு பொதுவிடத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்வதுண்டு. அவ்விடத்தில் ஒரு நேரத்தில் ஒரு பணியே எழுதலாம். அதன் வாயிலில் பூட்டு உண்டு. அப்பாச்சி என்னும் பெயர்பெற்ற வழங்கியில், அப்பூட்டாகச் செமபோரையே அமைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

பூட்டைப் பெற்ற பணி அதனைத் திருப்பித் தராமலே மடிந்துவிட்டால் என்ன ஆகும்? பின்வந்த பணிகள் ஒவ்வொன்றாக வாயிலில் உறங்கத் தொடங்கும். வெளியே நிற்கும் நமக்கோ பக்கம் திறவாது. சுழலும் வட்டம் ஒன்றே தெரியும்.

இத்தகைய வேளையில், அறியாதவர் உடனே வழங்கியை நிறுத்தி மீண்டும் இயக்குவர். அது ஓடும், ஆனால் காரணம் மறைந்துவிடும், மற்றொரு நாள் மீண்டும் வந்து வருத்தும். அறிந்தவர் சில வினாக்களை வரிசையாக எழுப்புவர். நின்ற பணி கணக்கிட்டுக்கொண்டிருக்கிறதா, காத்துக்கொண்டிருக்கிறதா? செயலகம் ஓயாது உழைத்தால், அப்பணி முடிவில்லாத சுற்றில் அகப்பட்டிருக்கலாம். செயலகம் ஓய்ந்திருந்தால், அது எதற்கோ காத்திருக்கிறது. எதற்குக் காத்திருக்கிறது? லினக்ஸ் இயக்க முறைமையில் 'ஸ்ட்ரேஸ்' என்னும் கருவி, பணி எந்த வேண்டுகோளில் நிற்கிறது என்பதைக் காட்டும். அப்பொருள் யார் கையில் இருக்கிறது? அவர் யாருக்குக் காத்திருக்கிறார்? இவற்றைத் தாளில் எழுதி அம்புக்குறி இட்டால், வட்டம் இருப்பின் கண்ணுக்குப் புலப்படும். மடிந்தவர் கையில் பூட்டு இருப்பின் அதுவும் தெரியும். வெளியிலிருந்து வரவேண்டிய விடை வாராமையே காரணமாயின், காத்திருப்பதற்குக் கால எல்லை விதிக்க வேண்டும். எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பின்னரே மீண்டும் இயக்குதல் அறிவுடைமை.

புகழும் இறுதியும்

ஐந்தோவனில் உருவான இயக்க முறைமை பற்றிய கட்டுரை 1968ஆம் ஆண்டில் வெளிவந்தது. வீட்டை அடித்தளத்திலிருந்து எழுப்புவது போல, அம்முறைமை அடுக்கடுக்காக அமைக்கப்பட்டிருந்தது. ஓர் அடுக்கு உறுதியான பின்னரே அடுத்தது எழுப்பப்பட்டது. 1972ஆம் ஆண்டில், கணிப்பொறித் துறையின் மிக உயர்ந்த சிறப்பாகிய டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1984ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

கணிப்பொறி உலகின் பேரறிஞராகிய அவர், தம் கருத்துகளைப் பெரும்பாலும் மைப்பேனாவினால் கையாலேயே எழுதினார். அடித்தல் திருத்தல் அரிதாக, அழகிய கையெழுத்தில் அமைந்த அவ்வேடுகள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவை. எழுதுமுன் சிந்திக்க வேண்டும் என்பதை அவர் பிறருக்குச் சொன்னதோடு அமையாமல், தாமும் நாள்தோறும் செய்து காட்டினார். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாள், புற்றுநோயால், தம் நாட்டில் நூனென் என்னும் ஊரிலிருந்த இல்லத்தில் மறைந்தார். பல கணிப்பொறிகள் கூடிச் செய்யும் வினை பற்றிய சிறந்த ஆராய்ச்சிக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் பரிசு ஒன்று, 2003ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே! வேலை நின்றுபோனால் ஒருவரையொருவர் பழிப்பது எளிது. யார் எதைப் பிடித்திருக்கிறார், யார் எதற்குக் காத்திருக்கிறார் என்று அமைதியாக ஆராய்வது அரிது. அரியதையே டைக்ஸ்ட்ரா செய்தார். அளவுகோலும் எழுதுகோலும் ஏந்திக் காத்திருந்த அவ்விரு சிறுவர்களுக்கும் வேண்டியிருந்தது தண்டனை அன்று. ஒழுங்கான ஒரு முறையே.