34-ஆம் நம்பர் கார்: வெண்டல் ஸ்காட் ஜெயித்த கோப்பை எங்கே போனது?

2021 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கும் டேட்டோனா பந்தயத் தளம். அன்றைய ரேஸ் தொடங்குவதற்கு முன்னால் ஒரு குடும்பத்தை அழைத்து ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தக் கோப்பைக்கான பந்தயம் நடந்து முடிந்தது 1963 டிசம்பர் 1-ஆம் தேதி. ஜெயித்தவர் வெண்டல் ஸ்காட். அவர் இறந்தே 30 வருடம் தாண்டிவிட்டது. உயிரோடு இருந்திருந்தால் மறுநாள் அவருக்கு 100 வயது நிறைந்திருக்கும்.

ஒரு கோப்பை போய்ச்சேர ஏன் கிட்டத்தட்ட 58 வருடம் ஆனது? இதற்குப் பதில் சொல்ல, யார் இந்த ஸ்காட் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு சின்ன விளக்கம்.

ஸ்டாக் கார் என்றால் என்ன?

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்காகவே பிறந்தது. ஸ்டாக் கார் அப்படி இல்லை. ஷோரூம் ஸ்டாக்கில் இருக்கும் சாதாரணக் காரை எடுத்து ஓட்டுவதுதான் ஆரம்பகால யோசனை. 1948-இல் தொடங்கிய நாஸ்கார் அமைப்பு, 1949-இல் நடத்திய முதல் சாம்பியன்ஷிப் ரேஸில் கிட்டத்தட்ட கை வைக்காத கார்களைத்தான் அனுமதித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸுக்கு ஓட்டிப்போகும் அதே செவ்ரொலெட், அதே ஃபோர்டு ஞாயிற்றுக்கிழமை மண் தளத்தில் மோதிக்கொண்டு ஓடும். ரசிகர்கள் மயங்கியது அதில்தான்.

இன்றைய நாஸ்கார் கார் வேறு பிறவி. 2022 முதல் எல்லா அணிகளும் ஒரே மாதிரி சேஸிஸ், குறிப்பிட்ட சப்ளையர்களிடம் வாங்கிய ஒரே மாதிரி பாகங்கள் என்றுதான் ஓட்டுகின்றன. அதனால் பழைய கார் மீது ஏக்கம் இன்னும் கூடிவிட்டது. சௌத் கரோலினாவின் டார்லிங்டன் தளத்தில் 2015 முதல் வருடா வருடம் ஒரு வார இறுதியைப் பழைய நினைவுகளுக்கென்றே ஒதுக்குகிறார்கள். அன்று இன்றைய கார்கள் பழைய டிரைவர்களின் நிறத்தையும் எழுத்தையும் பூசிக்கொண்டு வரும். ரசிகர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய கார் பாடி ஒன்றைத் தேடிப் பிடித்து, உள்ளே பாதுகாப்புக் கம்பிக்கூடு வெல்டு செய்து, கதவில் நம்பரைக் கையால் எழுதி முழு அளவு ரெப்ளிகாவே கட்டுகிறார்கள்.

அசல் காரையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். அந்தக் காலப் பந்தயக் கார்கள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. மோதின, வெட்டப்பட்டன, பாகம் பாகமாக விற்கப்பட்டன. அதுவும் ஸ்காட் மாதிரி பழைய காரை வாங்கி, அது சாகும்வரை ஓட்டியவர்கள் மியூசியத்துக்கு எதை மிச்சம் வைப்பார்கள்?

சாராய ராத்திரிகள்

ஸ்காட் பிறந்தது 1921 ஆகஸ்ட் 29, வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் நகரத்தில். பஞ்சாலையும் புகையிலையும்தான் ஊரின் பிழைப்பு. கறுப்பினத்தவர் என்றால் அந்த ஆலைகளில் ஒரு அடிமட்ட வேலை, தலைக்கு மேல் ஒரு முதலாளி. இந்த வாழ்க்கை வேண்டாம் என்று ஸ்காட் சின்ன வயதிலேயே முடிவெடுத்திருந்தார். அப்பா, வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியவர், மெக்கானிக். தொழில் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

பள்ளியைப் பாதியில் விட்டார். டாக்ஸி ஓட்டினார். 1943-இல் மேரியைத் திருமணம் செய்தார். ஏழு குழந்தைகள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் ராணுவப் பணி. அந்த ராணுவத்திலும் வெள்ளையருக்கு ஒரு பிரிவு, கறுப்பினத்தவருக்கு ஒரு பிரிவு. திரும்பி வந்து ஊரில் கார் ரிப்பேர் கடை வைத்தார். அந்த வருமானம் போதாது என்பதால் ராத்திரியில் கள்ளச்சாராயம் கடத்தினார்.

இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஆரம்பகால ஸ்டாக் கார் உலகத்தின் பாதித் திறமை அங்கிருந்து வந்ததுதான். போலீஸ் துரத்தும்போது வளைவில் வேகம் குறையாமல் திரும்பணும், வெளியே பார்த்தால் சாதாரணக் கார் மாதிரி தெரியணும், உள்ளே என்ஜின் மட்டும் பேயாக இருக்கணும். இதை விடப் பெரிய ஓட்டுநர் பயிற்சி எங்கே கிடைக்கும்? ஸ்காட் பிடிபட்டது ஒரே ஒரு முறை, 1949-இல். சிறை இல்லை, மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அப்புறமும் விடவில்லை.

போலீஸ் செய்த சிபாரிசு

1952-இல் டான்வில் கண்காட்சி மைதானத்தில் ரேஸ் நடத்தியவர்களுக்குக் கூட்டம் போதவில்லை. நாஸ்காருக்குப் போட்டியாக இருந்த டிக்ஸி சர்க்யூட் என்ற உள்ளூர் அமைப்பு அது. வெள்ளை டிரைவர்களுக்கு எதிராக ஒரு கறுப்பின டிரைவரை இறக்கினால் டிக்கெட் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஊரில் வேகமாக ஓட்டும் கறுப்பினத்தவர் யார் என்று போய்க் கேட்டது போலீஸிடம். போலீஸ் கை காட்டியது, தாங்கள் ராத்திரி ராத்திரியாகத் துரத்திக்கொண்டிருந்த ஆளை!

மே 23, 1952. ஸ்காட்டுக்கு வயது 30. கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டு இழிவுபடுத்தியது, கார் பாதியில் நின்றுபோனது. ஆனால் அவருக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது, இதுதான் தன் வேலை என்று. மறுநாளே காரை இழுத்துக்கொண்டு நார்த் கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்துக்கு நாஸ்கார் ரேஸுக்குப் போனார். அனுமதி இல்லை. அடுத்து இன்னொரு ஊர், அங்கேயும் இல்லை. சாலையெல்லாம் அழுதுகொண்டே வீடு திரும்பியதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

சரி, கதவு திறக்கும்வரை வேறு இடத்தில் ஓட்டுவோம் என்று டிக்ஸி சர்க்யூட்டிலேயே தொடர்ந்தார். தொடங்கி 12-ஆவது நாளே லிஞ்ச்பர்க் நகரில் ஒரு சின்ன ரேஸை ஜெயித்தார். பிறகு ரிச்மண்டில் மைக் போஸ்டன் என்ற பகுதிநேர அதிகாரி ஒருவர், உன்னை இடித்துத் தள்ளுவார்கள், தாங்குவாயா என்று எச்சரித்துவிட்டு நாஸ்கார் லைசென்ஸ் கொடுத்தார். தலைமை அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது.

நாஸ்காரின் நிறுவனர் பில் ஃபிரான்ஸ் இந்தக் கதையில் வில்லனா, நல்லவரா? ஒற்றை வார்த்தையில் சொல்ல முடியாது. ராலி நகரில் ஒரு முறை, வெள்ளை டிரைவர்களுக்குப் பெட்ரோல் காசு கொடுத்த அமைப்பாளர் ஸ்காட்டுக்கு மறுத்தபோது, ஃபிரான்ஸ் தன் பாக்கெட்டிலிருந்து 30 டாலர் எடுத்துக் கொடுத்து, இனி உனக்குப் பாகுபாடு நடக்காது என்று உறுதி சொன்னார். அந்த உறுதி எல்லாத் தளங்களிலும் செல்லுபடியாகவில்லை. 60-களின் தொடக்கத்தில் சில வருடங்கள் ஸ்காட் நுழையவே முடியாமல் இருந்த ஒரு தளம் டார்லிங்டன். ஆமாம், இன்று பழைய நினைவுகளைக் கொண்டாடும் அதே டார்லிங்டன்தான்.

200 சுற்று ரேஸில் 202 சுற்று

1959-இல் வர்ஜீனியா மாநில ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவு சாம்பியன். 1961 மார்ச்சில் நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு வந்தார். அவருக்கு முன் கறுப்பின டிரைவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. 1955-இல் எலியாஸ் போவி, 1956-இல் சார்லி ஸ்காட் என்று ஆளுக்கு ஒரு ரேஸ் ஓட்டியவர்கள் உண்டு. முழு சீசனாக, வருடா வருடம் நிலைத்து நின்ற முதல் ஆள் வெண்டல் ஸ்காட்.

கார்கள் எல்லாம் செகண்ட் ஹேண்ட். பெரிய ஸ்பான்சர் கடைசிவரை வரவில்லை. பிட் குழு என்பது வளர்ந்த மகன்களும் சில நண்பர்களும். பல ஊர்களில் அறை கிடைக்காது, வண்டியிலேயே தூக்கம். காரின் பக்கவாட்டில் மெக்கானிக் பெயர் எழுதும் இடத்தில், அது நான்தான் என்கிற மாதிரி எழுதி வைத்திருந்தார். நகைச்சுவை மாதிரி தெரியும். உண்மையில் அது பேலன்ஸ் ஷீட்.

1963-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த வருடம் ஜூன் 10 அன்று அவருடைய டான்வில்லிலேயே சிவில் உரிமைப் போராட்டக்காரர்களைப் போலீஸ் தடியாலும் தீயணைப்புக் குழாய்த் தண்ணீராலும் தாக்கியது. நவம்பர் 22-இல் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். ஒன்பது நாள் கழித்து, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். அரை மைல் மண் தளம், 200 சுற்றுகள்.

நெட் ஜாரெட் என்ற சாம்பியனிடமிருந்து வாங்கிய பழைய செவ்ரொலெட் பெல் ஏரில் ஸ்காட் ஓட்டினார். முன்னணியில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரில் கோளாறு. 25 சுற்று மீதி இருக்கும்போது ஸ்காட் அவரைத் தாண்டினார். 200 சுற்று முடிந்தும் கொடி விழவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தார். 202 சுற்று ஆனபிறகு, வெற்றி பக் பேக்கருக்கு என்று அறிவித்தார்கள். கோப்பையும் மேடையும் பேக்கருக்கே. ஸ்காட் தரப்பு ஆட்சேபித்தது. ஸ்கோர் அட்டைகளைத் திரும்பச் சரிபார்த்தபோது, ஸ்காட் ஜெயித்தது மட்டுமில்லை, இரண்டு சுற்று முன்னால் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது. இது வெளியே வரும்போது மணிக்கணக்காகிவிட்டது. கூட்டம் கலைந்து போயிருந்தது. 1,000 டாலர் பரிசுப் பணம் வந்தது. கோப்பை பேக்கரோடு போய்விட்டது.

வேண்டுமென்றே செய்ததா, தவறா? ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அன்று சென்சார் கிடையாது. ஒவ்வொரு காருக்கும் ஒருவர் உட்கார்ந்து கையால் சுற்றுகளைக் குறிப்பார். குழப்பம் சகஜம். 1959-இல் நடந்த முதல் டேட்டோனா 500-இலேயே தப்பான ஆளை அறிவித்து, மூன்று நாள் கழித்துத்தான் லீ பெட்டிக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். ஆனால் ஸ்காட்டின் குற்றச்சாட்டு எண்ணிக்கை பற்றியது மட்டுமில்லை. ஜெயித்தவருக்கு மேடையில் ஒரு அழகி முத்தம் கொடுப்பது வழக்கம், அந்த மேடையில் ஒரு கறுப்பின ஆணை அந்தக் கூட்டம் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார். லீ பெட்டிக்குக் கோப்பை மூன்று நாளில் திருத்தி வந்ததையும் இவருக்கு வராமலே போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் நம்பியதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

13 சீசன்கள், 495 ரேஸ், 1 வெற்றி. வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்தால் இவரை ஸ்க்ரோல் செய்து தாண்டிவிடுவோம். அடுத்த காலத்தைப் பாருங்கள்: முதல் 10 இடங்களுக்குள் முடித்தது 147 முறை. அதாவது பத்து ரேஸில் மூன்று. முதல் 5-க்குள் 20 முறை. சீசன் புள்ளிப் பட்டியலில் 1966-இல் 6-ஆவது இடம், அதிலிருந்து 1969 வரை தொடர்ந்து நான்கு வருடம் முதல் 10-க்குள்.

ஒப்பிட ரிச்சர்ட் பெட்டி இருக்கிறார்: 1,184 ரேஸில் 200 வெற்றி. ஆனால் பெட்டிக்குப் பின்னால் குடும்ப அணியும் கார் கம்பெனியின் காசும் இருந்தன. ஸ்காட், ஞாயிறு ஓட்டிய காரைத் திங்கள் தானே பிரித்து, அடுத்த ஞாயிறுக்கு டயர் வாங்கக் காசு தேடியவர். கார் உடைந்தால் அடுத்த ரேஸே இல்லை என்ற நிலையில் இருப்பவர் கடைசி வளைவில் ரிஸ்க் எடுக்க மாட்டார், எட்டாவது இடத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த 147-க்குப் பின்னால் இருக்கும் தர்க்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு முறை ரிஸ்க் எடுத்தார். கடன் வாங்கி, போட்டி போடக்கூடிய ஒரு மெர்க்குரி கார் வாங்கி, 1973 மே 6 அன்று அலபாமாவின் டல்லடேகாவில் இறங்கினார். 60 கார்கள். ஆரம்ப சுற்றுகளிலேயே சுமார் 20 கார்கள் மோதிய விபத்து. மெர்க்குரி நொறுங்கியது, ஸ்காட்டுக்குப் பல எலும்புகள் முறிந்தன. அந்த வருட அக்டோபரில் ஷார்லட்டில் ஒரு ரேஸ் மட்டும் ஓட்டி 12-ஆவதாக முடித்தார். அத்தோடு சரி. 1977-இல் ரிச்சர்ட் பிரையர் நடிப்பில் அவர் வாழ்க்கை கிரீஸ்டு லைட்னிங் என்ற படமானது. 1990 டிசம்பர் 23 அன்று டான்வில்லிலேயே புற்றுநோயில் இறந்தார். வயது 69.

நகல்களின் காலம்

2010-இல் ஜாக்சன்வில்லின் உள்ளூர் ஸ்டாக் கார் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு ஒரு ரெப்ளிகா கோப்பையைக் குடும்பத்திடம் கொடுத்தது. 2015-இல் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது, அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். 2017-இல் வந்த கார்ஸ் 3 அனிமேஷன் படத்தில் ரிவர் ஸ்காட் என்றொரு பழைய கார் வரும். அது இவரேதான், நம்பரும் 34. நாஸ்கார் அமைப்பே கோப்பை கொடுத்தது 2021-இல்.

இவற்றில் எனக்குப் பிடித்தது மார்ட்டின்ஸ்வில் கதை. டான்வில்லிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கும் தளம் அது. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் அறிமுகமானதும் இங்கேதான். 2014 அக்டோபரில் பப்பா வாலஸ் என்ற 21 வயது கறுப்பின டிரைவர், தன் வழக்கமான 54-ஆம் நம்பரை விட்டுவிட்டு, ஸ்காட்டை நினைத்து 34-ஆம் நம்பரைப் போட்டுக்கொண்டு இந்தத் தளத்தில் டிரக் ஓட்டினார். ஜெயிக்கவும் செய்தார்.

அதே வாலஸ் 2021 அக்டோபர் 4 அன்று உச்சப் பிரிவிலும் ஜெயித்தார், ஸ்காட்டுக்குப் பிறகு முதல் கறுப்பின டிரைவராக. தளம் டல்லடேகா, அந்த மெர்க்குரி நொறுங்கிய இடம். மழையால் ரேஸை 117-ஆவது சுற்றோடு நிறுத்தினார்கள். கோப்பையை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள்.