லோகமான்ய திலகர்

புனே நகரின் நாராயண் பேட் பகுதியில் கேசரி வாடா என்னும் பழைய மாளிகை உள்ளது. நாட்டு விடுதலைக்காகத் தம் வாழ்வையே ஒப்படைத்த பால கங்காதர திலகர் வாழ்ந்த இல்லம் அது.

திலகர் 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் கொங்கணக் கடற்கரையில் உள்ள இரத்தினகிரியில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். அவர் புனேவுக்குப் பணிமாற்றம் பெற்றபோது, பத்து வயதுச் சிறுவரான திலகரும் இந்நகருக்கு வந்தார். தக்காணக் கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டமும் கற்றார். அரசுப் பணியை அவர் நாடவில்லை. நாட்டுப்பற்று மிக்க இளைஞர்களைக் கல்வியே உருவாக்கும் என நம்பி, 1880இல் நண்பர்களுடன் சேர்ந்து புனேவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

பள்ளிக்கு வெளியே உள்ள மக்களுக்கும் அரசியல் அறிவு வேண்டும் என்பதற்காக 1881இல் இரண்டு இதழ்கள் தோன்றின. ஆங்கில இதழின் பெயர் மராட்டா. மராத்தி இதழின் பெயர் கேசரி. மக்கள் பேசும் மொழியிலேயே எழுதியதால் கேசரியின் குரல் சிற்றூர்களையும் எட்டியது. வீடுகளில் நிகழ்ந்த விநாயகர் வழிபாட்டை 1893 முதல் பொது விழாவாக வளர்த்து, மக்கள் ஒன்றுகூட வழிசெய்தார்.

1897இல் புனேவில் பிளேக் நோய் பரவியது. நோய்த் தடுப்பின் பெயரால் வீடுகளுக்குள் புகுந்த படைவீரர்களின் கடுமையைத் திலகர் கண்டித்து எழுதினார். அவ்வாண்டில் கேசரியில் வெளிவந்த எழுத்துகளுக்காக அரசு அவர்மீது அரசநிந்தனை வழக்குத் தொடுத்துச் சிறையில் அடைத்தது.

ஆங்கில அரசிடம் வேண்டுகோள் விடுத்தே உரிமை பெறலாம் என்று காங்கிரசில் மிதவாதிகள் கருதினர். தன்னாட்சியைப் போராடியே பெற வேண்டும் என்பது திலகரின் கொள்கை. 1907இல் சூரத் மாநாட்டில் இவ்விரு பிரிவினரும் பிரிந்தனர். தமிழகத்திலிருந்து சென்ற வ.உ.சிதம்பரனாரும் பாரதியாரும் திலகரின் பக்கம் நின்றனர்.

1908 ஜூலையில் இருவேறு நகரங்களில் இரு தீர்ப்புகள் வந்தன. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ.சிதம்பரனாருக்குத் திருநெல்வேலியில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த இரு வாரங்களில் மும்பையில் திலகருக்கு ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை கிடைத்தது. மும்பை ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

திலகர் பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்தபோது 1912இல் அவருடைய மனைவி சத்தியபாமாபாய் காலமானார். இறுதியாக அவர் முகத்தைக் காணும் பேறும் திலகருக்கு வாய்க்கவில்லை. அத்தனிமையிலும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. கீதா ரகசியம் என்னும் நூலைச் சிறையிலேயே பென்சிலால் எழுதி முடித்தார்.

1914இல் விடுதலையான அவர், 1916இல் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். 1920 ஆகஸ்ட் முதல் நாள் மும்பையில் மறைந்தார். இந்தியா விடுதலை பெற்றது அதற்கு 27 ஆண்டுகளுக்குப் பின்னரே. தாம் விதைத்ததன் விளைவைக் காணாமலே அவர் மறைந்தார்.

திலகரைத் தம் குருவாகக் கொண்ட வ.உ.சிதம்பரனார், கோவைச் சிறையில் செக்கிழுத்து, விடுதலைக்குப் பின் வறுமையில் வாடினார். எனினும் பிற்காலத்தில் திலகரின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதினார். புனேவில் மராத்தியில் எழுந்த குரல், தூத்துக்குடித் தமிழர் ஒருவரின் நெஞ்சில் இறுதிவரை வாழ்ந்தது.

அருஞ்சொற்பொருள்
கேசரி – சிங்கம்
அரசநிந்தனை – அரசை இழித்துரைத்தல்
பேறு – வாய்ப்பு, நற்பயன்
செக்கு – எண்ணெய் ஆட்டும் பொறி

சிந்தித்து எழுதுக
1. திலகர் மராத்தியில் இதழ் நடத்தியதன் பயன் யாது?
2. திலகருக்கும் வ.உ.சிதம்பரனாருக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டினைக் கூறுக.