ஹார்வி குஷிங்

செவியினின்று மூளைக்குச் செல்லும் நரம்பில் அரிதாக ஒரு கட்டி தோன்றுவதுண்டு. அது புற்றுநோய் அன்று, மெல்ல வளர்வது. எனினும் பெருத்துவிட்டால் மூளைத்தண்டை நெருக்கி உயிருக்கே ஊறு விளைக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்காக அறுவை செய்யப்பெற்றோருள் பெரும்பாலோர் மாண்டனர். அந்நிலையை மாற்றிய பெருந்தகை ஹார்வி குஷிங் ஆவார்.

அவர் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரில் 1869ஆம் ஆண்டு மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பயின்ற காலத்தில், அவர் மயக்க மருந்து கொடுத்த நோயாளி ஒருவர் உயிர் நீத்தார். அத்துயரால் அவர் நெஞ்சு பெரிதும் கலங்கியது. ஆயினும் கலங்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. உடன் பயின்ற காட்மன் என்பாருடன் கூடி, மயக்கத்தில் இருப்போரின் நாடியையும் மூச்சையும் இடைவிடாது குறித்துவைக்கும் முறையை வகுத்தார். அன்று தொடங்கிய கவனம் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

பின்னர் பால்டிமோர் நகரில் ஹால்ஸ்டெடு என்னும் பேராசானிடம், உடலின் உறுப்புகளை மென்மையாகக் கையாளும் அறுவைக் கலையைக் கற்றார். அதன்பின் பாஸ்டன் நகரில் பணியாற்றினார். மூளையின் உட்புறத்தைத் தெளிவாகக் காட்டும் கருவிகள் இல்லாத காலம் அது. ஆதலின் அவர் நோயாளியின் சொல்லையே கருவியாகக் கொண்டார். எது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்று பொறுமையுடன் வினவினார். ஒரு செவியில் இரைச்சலும் கேள்விக் குறைவும் முதலில் தோன்றும். பின்னர்த் தலைநோவும் நடைத் தள்ளாட்டமும் வரும். அடுத்து முகம் மரத்துப்போகும். நாளடைவில் பார்வை மங்கும். இவ்வரிசையே செவி நரம்புக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் என்று தெளிந்து, 1917ஆம் ஆண்டு தனி நூலாக வெளியிட்டார்.

அறுவையிலும் அவர் ஆசையை அடக்கினார். கட்டியை முழுதும் பறித்தெடுக்க முயன்றால், குருதி பெருகி உயிர் போகக்கூடும். ஆதலின் கட்டியின் உட்பகுதியைக் குடைந்தெடுத்து, மேலுறையை விட்டுவைத்தார். எஞ்சியது மீண்டும் வளரக்கூடும் என்பதை அவர் அறிவார். எனினும் உயிரைக் காப்பதே முதற்கடன் எனக் கொண்டார். இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. பின்னாளில் அவரிடம் பயின்ற வால்டர் டேண்டி என்பார் கட்டியை முழுதும் அகற்றும் முறையை வளர்த்தார்.

குஷிங் 1939ஆம் ஆண்டு மறைந்தார். இன்று காந்த அதிர்வுப் படமும் நுண்ணோக்கியும் மருத்துவர்க்குத் துணைநிற்கின்றன. எனினும் பொறுமையுடன் கேட்டறிதலும், நிறுத்த வேண்டிய இடத்தில் கையை நிறுத்துதலும் இன்றும் வேண்டப்படும் பண்புகளே. மாணவர்களே! நேர்ந்த துயரினின்று கற்றுப் பிறர் துயர் துடைத்த இப்பெரியாரின் வாழ்வு நமக்கு நல்வழி காட்டுவதாகும்.